நீல விளக்கு

போன் மூன்று முறை அடித்த பிறகுதான் எடுத்தேன்.

வண்டிகளை நிறுத்தும் தகரக் கொட்டகையின் தூணில் மாட்டியிருந்த போன் அது. அதில் நடுவர் ஒருவர்தான் பேசுவார். மைதானத்துக்கு மேலே கண்ணாடி போட்ட சின்ன அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். பந்தயம் பாதியில் நின்றால் போன் அடிக்கும். யாராவது பதில் சொல்ல வேண்டும்.

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினேன். வாயெல்லாம் செம்மண்ணும் கல்தூளும். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாக நினைத்துக்கொள்ள முடிந்திருக்கும்.

மூன்றாவது வளைவில், மரவேலி ஓரம், ஆம்புலன்ஸ்காரர்கள் குனிந்து நின்றார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே நீல உறை போட்ட ஹெல்மெட் தெரிந்தது. அது அசையவில்லை.

"ஜாபர், உள்பக்கம் வந்தது நீங்கதானே?" என்றார் நடுவர். "இங்கேருந்து புழுதியைத் தவிர ஒண்ணும் தெரியல. உங்க வண்டி அவர் வண்டியில பட்டுச்சா?"

இந்தப் பத்திரிகைத் தொடரை எழுதத் தொடங்கிய நாளிலேயே இப்படி ஒரு வாரம் வரும் என்று எனக்குத் தெரியும். கத்தார் ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுதினேன். வாப்பாவின் விசா கதையை எழுதினேன். பந்தய சீசனுக்கு வந்த பிறகும் வண்டி, எஞ்சின் என்று இரண்டு வாரத்தைக் கடத்திவிட்டேன். பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். 'உங்களோடு ஜோடியாக ஓட்டிய சிக்கல் ஊர்க்காரர் என்ன ஆனார்? அவரைப் பற்றிச் சொல்லாமலே போகிறீர்களே.'

அவருக்கான பதில் இது. சிக்கல்காரனின் பெயரை முனியசாமி என்று மாற்றியிருக்கிறேன். அவன் வீட்டாரின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். என் பெயரை மாற்றவில்லை.

ஒரு வண்டி இடம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் ஓட்டிய வண்டிக்கு பிரேக் கிடையாது. கியரும் ஒன்றுதான். முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, இடதுபக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பிரேக் இல்லாத வண்டியை வளைவில் எப்படித் திருப்புவது என்று எல்லோரும் கேட்பார்கள். பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட வேண்டும். இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்போம். அந்தக் காலைத் தரையில் இழுத்துக்கொண்டு, வண்டியைச் சாய்த்து, ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமல் போக வேண்டும். பயந்துபோய்ச் சட்டென்று குறைத்தால் சக்கரம் மண்ணைக் கவ்வும், ஆளைத் தூக்கி எறியும்.

"பயந்தவன்தான் விழுவான்" என்பார் எங்கள் மேனேஜர் செல்வம் அண்ணன். மதுரைக்காரர், பழைய ரேஸர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்.

தென்மாவட்டங்களில் ஐந்து அணிகளை வைத்து யாரோ சில பணக்காரர்கள் தொடங்கிய லீக் அது. எங்கள் மைதானம் வாலிநோக்கம் போகும் வழியில், கருவேலங்காட்டை வெட்டிச் சமமாக்கிய பொட்டல். சம்பளத்துக்கு ஓட்டினோம். அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்கியவர்கள் பஸ் டிரைவர்களும் லாரி டிரைவர்களும்தான். உம்மா கடைசிவரை என்னை டிரைவர் என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஓட்டத்திலும் ஓர் அணிக்கு இருவர். ஒருவன் மட்டும் ஜெயித்தால் போதாது, இருவரும் சேர்ந்து முன்னால் வந்தால்தான் புள்ளி ஏறும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. உள்பக்கம் ஓட்டுகிறவன் தன் கோட்டைவிட்டு நகரக்கூடாது. வெளிப்பக்கம் வருகிற கூட்டாளிக்கு, வேலிக்கும் தனக்கும் நடுவே ஒரு வண்டி போகிற இடம் விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஒரு வண்டி இடம்.

முனியசாமி எனக்கு ஒருநாளும் அந்த இடத்தை விடாமல் இருந்ததில்லை.

சிக்கல்காரன்

சிக்கலில் மிளகாய் போடுகிற வீட்டுப் பிள்ளை அவன். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியவன். நான் கத்தாரில் சம்பளம் கொடுத்து வாத்தியார் வைத்துக் கற்றதை அவன் கண்மாய்க் கரம்பை மண்ணில் தானாகவே கற்றிருந்தான். எங்கள் அணியின் ஏழு பேரில் அவன்தான் முதல் ஆள். நான் ஆறாவதோ ஏழாவதோ. சீசன் பாதி முடிந்தும் ஓர் ஓட்டத்தில்கூட நான் முதலில் வரவில்லை.

அவன் என்னை மாப்ள என்பான். நான் அவனை மச்சான் என்பேன். ஓட்டம் இல்லாத நாட்களில் அவன் வீட்டுக்குப் போவேன். அவன் தங்கை மகேஸ்வரி பக்கத்து ஊர் தனியார் பள்ளியில் டீச்சர். வந்ததும் வராததுமாக டீ போட்டுக் கொடுக்கும். அவன் அய்யா கருப்பையா என்னை வாங்க மருமகனே என்று கூப்பிட்டு, முற்றத்தில் கட்டிலை இழுத்துப் போடுவார். என்னிடம் எல்லாம் பேசுவார், பந்தயத்தைத் தவிர. பிரேக் இல்லாத வண்டியில் ஏறுகிறவனுக்கு மூளை எதற்கு என்று ஒருமுறை சொன்னார். அதோடு சரி. மகன் ஓட்டுவதைப் பார்க்க அவர் ஒருநாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. அது முனியசாமிக்கு வருத்தம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

தொடர்ந்து ஐந்தாவது தோல்விக்குப் பிறகு, ராமேஸ்வரம் போய்வருவோம் என்று அவன்தான் கிளப்பினான். பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் காற்று வாங்கினோம். கோயில் வாசலில் அவன் செருப்பையும் போனையும் வைத்துக்கொண்டு நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு தீர்த்தமும் முடித்து, சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியது.

"ஒரு கெணத்துல ஒரு வாளிய ஒனக்குன்னு சொல்லி ஊத்திக்கிட்டேன் மாப்ள" என்றான். "வர்ற ஞாயித்துக்கெழம நீ ஜெயிக்கிற."

நான் சிரித்தேன். உள்ளே எரிந்தது. எனக்காக இவன் வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று எரிந்தது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க அன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை செல்வம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தூத்துக்குடியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். யாருடைய இடத்துக்கு என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

தண்ணீர் லாரி

எங்கள் ஊர் மண் இந்த ஓட்டத்துக்கு ஆகாது. உப்புக் கலந்த மண், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். அதனால் சிவகங்கைப் பக்கமிருந்து செம்மண்ணும், குவாரியிலிருந்து கல்தூளும் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை லாரித் தண்ணீர் தெளிக்க வேண்டும். இல்லாவிட்டால் புழுதி மூடிவிடும்.

எங்கள் மாவட்டத்தில் லாரித் தண்ணீரைத் தரையில் ஊற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தப் பணக்காரர்களுக்குத் தெரியாது. மைதானத்துக்குப் போகும் வழியில் உள்ள ஊர்ப் பெண்கள் ஐந்தாறு குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி, இரண்டு மைல் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர்களைத் தாண்டித்தான் எங்கள் லாரி வரும், பாதையெல்லாம் சிந்திக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் லாரியை மறித்துவிட்டார்கள். எங்க கொடத்துல ஊத்து, இல்லாட்டி எங்க மேல ஏத்திட்டுப் போ என்று ஓர் அம்மாள் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டதாக டிரைவர் வந்து சொன்னார். அவர் பாதி லாரியைக் குடங்களில் ஊற்றிவிட்டு வந்தார். அவரையோ அந்த அம்மாளையோ யாரும் குறை சொல்ல முடியாது. மீதித் தண்ணீர் முதல் இரண்டு வளைவுகளுக்கே சரியாகப் போனது. மூன்றாவது வளைவு மாவு மாதிரிக் காய்ந்து கிடந்தது. கடற்காற்று வேறு.

ஒளிபரப்புக்கு ஒரே ஒரு கேமராதான். அது புறப்படும் கோட்டுக்கு மேலே இருந்தது. எதிர்க்கோடியில் இருந்த மூன்றாவது வளைவு அதில் செம்மண் நிற மேகமாகத்தான் தெரியும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்ததை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது சுற்று

புறப்படும் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த நாடா மேலே எழும்பியதும் இருவருமே நன்றாகக் கிளம்பினோம். முனியசாமி நீல உறை, வெளிப்பக்கம். நான் சிவப்பு, உள்பக்கம். முதல் சுற்று முடியும்போது எதிரணிக்காரர்கள் இருவரும் பின்னால் போயிருந்தார்கள். இப்படி ஒரு ஓட்டம் எனக்கு அந்தச் சீசனில் அமைந்ததே இல்லை.

இரண்டாவது சுற்றில், எதிர்க்கோடியின் நேர்ப்பாதையில், நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போனோம். நான் அரைச் சக்கரம் முன்னால். அவன் முழங்கை தெரிந்தது. நான் கோட்டில் நின்று, இடம் விட்டிருந்தால் இருவரும் சேர்ந்து முடித்திருப்போம். அவன் முதலில் வந்திருப்பான். அவன் வண்டி வெளிப்பக்கம் எப்போதும் வேகம் பிடிக்கும்.

இரண்டாவதாக வருவது எனக்குப் போதவில்லை.

மூன்றாவது வளைவில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினேன். திருகினால் என் வண்டி வெளிப்பக்கம் தள்ளும் என்று எனக்குத் தெரியும். ஒரு வண்டி இடம் இருக்காது என்றும் தெரியும். அவன் குறைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். அந்த இடத்தில் குறைத்தால் ஆள் விழுவான் என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் குறைக்கவில்லை. நான் இடம் விடுவேன் என்று நம்பி வந்தான்.

என் பின்சக்கரத்தில் ஒரு தட்டு. பெரிய சத்தமெல்லாம் இல்லை. விரலை மடக்கி ஒருமுறை கதவைத் தட்டுவது மாதிரி. நான் வளைவைத் தாண்டி வெளியே வந்தபோது சுற்றிலும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்குகள் எரிந்தன. திரும்பிப் பார்த்தேன். புழுதிக்குள் வேலிப் பலகை ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது.

பிறகுதான் போன்.

"இல்ல சார்" என்றேன். "என் வண்டி படல. அவரா பயந்து குறைச்சிட்டார்."

'பயந்து' என்ற சொல்லை நான் தேடவில்லை. செல்வம் அண்ணன் தினமும் சொன்னது தானாக நாக்கில் வந்தது.

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டம் நின்றுபோனால், யாரால் நின்றது என்று நடுவர் ஒருவரைக் காட்டியாக வேண்டும். அவருடைய ஹெல்மெட் உறையின் நிறத்தில் விளக்கு எரியும். மறு ஓட்டத்தில் அவருக்கு இடமில்லை. மற்றவர்கள் திரும்ப ஓட்டுவார்கள்.

நீல விளக்கு எரிந்தது. கூட்டம் முழுவதும் பார்த்தது. முனியசாமியை அப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மறு ஓட்டம்

இன்னொரு ஆம்புலன்ஸ் வராமல் ஓட்டத்தைத் தொடங்கக்கூடாது. அது வர முக்கால் மணி நேரம் ஆனது.

அந்த முக்கால் மணி நேரமும் போனுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். நம்பர் அழுத்த வேண்டாம். எடுத்தாலே நடுவரின் காதில் கேட்கும். புழுதிக்குப் போடும் கண்ணாடியைத் துடைத்தேன். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். என் பின்சக்கரத்தின் கம்பியில் நீலப் பெயின்ட் ஒரு கோடு ஒட்டியிருந்தது. அவன் வண்டியின் முன்பக்கம் நீலம். வண்டிக்கு ஊற்றும் மெத்தனாலைத் துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்தேன். சுலபமாகப் போய்விட்டது.

மறு ஓட்டத்தில் நான் தனியாக இருவரை எதிர்த்து ஓட்டினேன். ஜெயித்தேன். என் வாழ்க்கையின் முதல் வெற்றி. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்கினேன். செல்வம் அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்து, முனியசாமிக்காக ஜெயிச்சுட்டடா என்று அழுதார்.

ராமநாதபுரத்தில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வருவதற்கில்லை என்று மகேஸ்வரியிடம் டாக்டர் சொல்லியிருந்தார். அது வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துப் பேப்பர்களைத் திருத்திக்கொண்டிருந்தது. கை திருத்திக்கொண்டே இருந்தது, கண்ணீர் பேப்பரில் விழுந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அது அந்த வேலைக்குப் போகவில்லை.

முனியசாமிக்கு நாடா எழும்பியதுதான் கடைசி ஞாபகம். மற்றதைச் செல்வம் அண்ணன் சொல்லிவிட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

"மன்னிச்சுக்க மாப்ள" என்றான். "நடுவுல குறைச்சு ஒன்னையும் சேத்துத் தள்ளிவிடப் பாத்திருக்கேன். ஒனக்கு ஒண்ணும் ஆகலயே?"

நான் சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மச்சான், விடு" என்றேன்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் மன்னித்தேன். இதைவிடக் கீழான ஒரு காரியத்தை நான் அதற்கு முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை.

கருப்பையா மாமா அன்று சாயங்காலம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை, கதவோரமே நின்றார். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை, ஏறினதுதான் ஏறினான், பயப்படாமலாவது ஓட்டியிருக்கலாமே என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். முனியசாமி கண்ணை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் பேசவில்லை.

தீப்பெட்டி

மீதிச் சீசன் முழுவதும் அவன் இடத்தில் நான் ஓட்டினேன். தூத்துக்குடிப் பையன் எனக்கு ஜோடியாக வந்தான். இன்னும் இரண்டு தடவை ஜெயித்தேன். ஜெயித்தபோதெல்லாம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இரவு தூக்கம் வந்தது. பசி எடுத்தது. தவறு செய்தவனை உடம்பு காட்டிக்கொடுக்கும் என்பார்கள். என் உடம்பு காட்டிக்கொடுக்கவில்லை.

அணி கடைசி இடத்தில் முடிந்தது. லீக்கும் அந்த ஒரு சீசனோடு நின்றது. வண்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முனியசாமியைச் சிக்கலுக்குக் கொண்டுவந்து சன்னலோரம் கட்டில் போட்டார்கள். வாராவாரம் போனேன். போகாமல் இருக்கப் பயமாக இருந்தது. போய் உட்கார்ந்தால், அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"எந்த எடத்துல குறைச்சேன்?"

படுக்கையில் போர்வையை வளைத்து மூன்றாவது வளைவை உண்டாக்குவான். இரண்டு தீப்பெட்டிகளை என்னிடம் கொடுப்பான். நான் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல்முறை ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தினேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. அவன் விடாமல் கேட்பான். வளைவுக்கு உள்ளே வந்தபிறகா, வரும் முன்னாலா? கொஞ்சமாகக் குறைத்தேனா, முழுக்க விட்டுவிட்டேனா? தலையைத் தூக்கினேனா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக, முனியசாமி பயந்து விழுந்த ஒரு விபத்தை முழுதாகக் கட்டிக் கொடுத்தேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை ஆக்ஸிலேட்டர் பிடிப்பதுபோல் வைத்துக்கொள்வான். இங்கன பிடிச்சிருக்கணும், இங்கன பிடிச்சிருக்கணும் என்று முனகுவான். நெற்றி வியர்க்கும். எத்தனையோ தடவை அந்த வளைவைச் சுற்றிவிட்டான். ஒவ்வொரு தடவையும் நான் வைத்த இடத்தில் விழுந்தான்.

ஒருநாள் மகேஸ்வரி வாசல்வரை வந்து, நீங்க வந்துட்டுப் போனா அண்ணன் ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டேங்குறாரு, வேற எதையாச்சும் பேசுங்கண்ணே என்றது. சரிம்மா என்றேன்.

வெள்ளிக்கிழமை

அடுத்த மிளகாய் எடுப்பு வந்துவிட்டது. விபத்து நடந்து ஏறக்குறைய ஒரு வருடம்.

பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் பேசிய பயானில் இமாம் ஹஜ்ரத் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷன்தான் மன்னிக்க வேண்டும், அது அவனுடைய ஹக்கு, அவனுடைய உரிமை என்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் தூங்கி விழுந்தார். தொழுகை முடிந்து வீட்டுக்குப் போகாமல், போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே சிக்கலுக்கு வண்டியை விட்டேன். நின்று யோசித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

களத்தில் மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. நெடி தூரத்திலேயே மூக்கைப் பிடித்தது. கருப்பையா மாமா தலையில் துண்டோடு வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார். வாங்க மருமகனே, உள்ள போங்க, அவன் முழிச்சுத்தான் இருக்கான் என்றார்.

முனியசாமி இளைத்துப்போயிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையணைக்கு அடியில் தீப்பெட்டியைத் துழாவினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ குறைக்கல மச்சான். நான்தான் எடம் விடல. என் சக்கரம்தான் ஒன் வண்டியில பட்டுச்சு. நடுவர்ட்ட பொய் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்தான்.

"நான் குறைக்கவே இல்லையா?"

"இல்ல."

"கடைசிவரைக்கும்?"

"கடைசிவரைக்கும் இல்ல மச்சான்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பழைய முனியசாமி, ஓட்டத்துக்கு முன்னால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்கிற முனியசாமி, ஒரு கணம் அந்தக் கட்டிலில் இருந்தான். பிறகு அவன் கண் போர்வைக்குப் போனது. முகம் மாறியது.

"அப்ப இத்தன நாளும் தீப்பெட்டிய வச்சு எனக்கு எதக் காட்டுன?"

மன்னிச்சுரு மச்சான் என்றேன். அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் மெதுவாகக் கையை உருவிக்கொண்டான்.

"மன்னிச்சேன்னு சொல்றது ஒரு வார்த்ததான். சொல்லிப் பாக்குறேன், வர மாட்டேங்குது. வந்தா சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் இங்கன வராத."

மாப்ள என்று அவன் சொல்லவில்லை. கைகளால் கட்டில் சட்டத்தைப் பிடித்து உடம்பைத் தூக்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கால்கள் மட்டும் பின்தங்கி, போட்டது போட்டபடி கிடந்தன.

நான் எழுந்து திரும்பினேன். கருப்பையா மாமா வாசற்படியில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. அடுப்படி வாசலில் மகேஸ்வரி எனக்குக் கொண்டுவந்த டீ டம்ளரோடு நின்றது. டம்ளரை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மாமா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டிப் போய், துண்டால் கையை அழுந்தத் துடைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். மகனின் இரண்டு கால்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாதத்திலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் அமுக்கிவிடத் தொடங்கினார். அவர் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

முனியசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலை யார் தொட்டாலும் அவனுக்குத் தெரியாது. அய்யா வந்து உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அந்த வீட்டில் இனி என் பேச்சுக்கு என்ன மதிப்பு என்று மூடிக்கொண்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டினேன். மிளகாய் நெடியில் இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. வழியில் பார்த்தவர்கள் நெடிதான் காரணம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மிளகாய் எடுப்பு முடிந்துவிட்டது. செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவரின் பதிவில் அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட வேண்டும் என்றேன். லீக்கே இல்லை தம்பி, யாரிடம் போய் எதை மாற்றுவது என்றார். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது சுற்றில், மூன்றாவது வளைவில், முனியசாமி பயப்படவில்லை. குறைக்கவில்லை.

சிக்கலிலிருந்து இதுவரை எனக்கு ஆள் வரவில்லை.